மாசியில் நாலு நாள்



சனி, ஞாயிறு வந்தா எங்க ஊர்ப் பக்கம் புல்லட் சத்தம் கேட்கும். சென்னை, பெங்களூரு நம்பர் பிளேட்டு. கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்த்துட்டு, ஆத்தங்குடிக்கு வழி கேட்டு பள்ளத்தூர் டீக்கடையில நிற்பாங்க. போன ஐப்பசியில் அப்படி வந்த ஒரு தம்பி, டீ குடிச்சு முடிச்சதும் என்னோட ஸ்பிளெண்டரைப் பார்த்தார். "ஐயா, இதுல அதிகபட்சம் எவ்வளவு தூரம் போயிருக்கீங்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். வண்டி வாங்கினது 2009. மீட்டரில் 80,000 கிலோமீட்டர் தாண்டியாச்சு. அத்தனையும் வயலுக்கும் வீட்டுக்கும் ஓடினது, உர மூட்டைக்கும் பால் கேனுக்கும் ஓடினது, காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் ஓடினது. "அதிகபட்சம் மதுரை தம்பி. அதுவும் ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அவர் கேலி பண்ணலை. "எண்பதாயிரமா! உலகத்தை ரெண்டு தடவை சுத்தி வந்த தூரம் ஐயா அது" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரலை. உலகத்தை ரெண்டு சுற்று சுற்றியும் மதுரையைத் தாண்டாத ஒரு ஆள் இருக்க முடியுமா? இருக்கிறேனே.

இத்தனைக்கும் எனக்குப் பார்க்கணும்னு ஒரு ஆசை ரொம்ப நாளாக உண்டு. மேற்கே இருக்கிற அந்த மலை. எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம் கிடையாது. கண்மாய், கிணறு, மீதிக்கு வானம். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து காற்று அடிக்கும் பாருங்கள், செம்மண்ணை வாரி முகத்தில் போடும். மழை மட்டும் வராது. சின்ன வயசில் அப்பாவிடம் கேட்டால், "மழையெல்லாம் மலைக்காரன் பிடிச்சு வச்சுக்கிட்டு வெறுங்காத்தை நமக்கு அனுப்புறான்" என்பார். பிறகு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியாரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் பெரிய வார்த்தையில்: தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலை, மழை மறைவுப் பகுதி. எங்களுக்கு வாய்த்தது ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்கு மழைதான். அது பொய்த்தால் அந்த வருஷம் போச்சு. அந்த மலைக்காரனை ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்கணும்.

2018-லேயே கிளம்ப வேண்டியது. நானும் என் மச்சானும். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் அண்ணன். அதுக்கும் முந்தி என்னோட ஒரே பெஞ்சில் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டினவன். போடி, மூணாறு ரோடெல்லாம் அவனுக்கு உள்ளங்கை மாதிரி. அந்த வருஷம் மூணாறில் நீலக்குறிஞ்சி பூக்கும் என்று பேப்பரில் போட்டிருந்தான். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற பூ. ஆவணியில் ரெண்டு வண்டியில் போவது என்று முடிவு பண்ணினோம். ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம். மூணாறே துண்டாகிப் போச்சு. மறையூர்ப் பக்கம் போகிற பெரியவாரை பாலத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்தோம். "விடு மாப்ள, 12 வருஷம் என்ன பெரிய வருஷம்? 2030-ல போவோம்" என்றான். நவம்பரில் கஜா புயல் வந்து என் தென்னையில் பதினொன்றைச் சாய்த்தது. அதோடு மலை நினைப்பு போச்சு. அப்புறம் கொரோனா.

இப்போது மச்சானுக்கு வாரத்தில் மூணு நாள் காரைக்குடியில் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலையில் போனால் நாலு மணி நேரம் மெஷின். மற்ற நாளில் வீட்டுத் திண்ணை. 2030 என்ற வார்த்தையை நாங்கள் ரெண்டு பேருமே எடுப்பதில்லை.

அதனால் அந்த சென்னைத் தம்பி கிளப்பிவிட்ட ஆசையை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாசம் தயங்கினேன். கார்த்திகையில் ஒரு நாள் மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மகளைக் கூப்பிட்டு, "ஒரு நோட்டும் பேனாவும் கொண்டா" என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது திட்டம். ரெண்டு மாசமாக அவன் திண்ணையில்தான் நடக்கிறது.

முதல் கேள்வி, எப்போது போவது? நீங்கள் ஆபீஸில் லீவு எழுதிக் கொடுப்பீர்கள். எனக்கு லீவு கொடுக்க வேண்டியது நெல்லும் மாடும். தையில் அறுவடை. அதை முடித்து, வைக்கோலைப் போர் போட்டு, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட மாசி பிறந்துவிடும். அந்தப் பக்கம் பார்த்தால், செவலை மாட்டுக்கு சினை ஊசி போட்டது ஜூன் 15. மாட்டுக்கு 280 நாள் கணக்கு. எண்ணிப் பார்த்தால் மார்ச் 22, பங்குனி பிறந்து ஒரு வாரம். தலைப்பிரசவம் வேறு. பத்து நாள் முன்னே பின்னே ஆகலாம் என்பதால் மார்ச் பிறந்தால் நான் தொழுவத்தை விட்டு நகர முடியாது. சித்திரைக்குப் போட்டால் சமவெளி வெயில் ஆளைக் கொன்றுவிடும். ஜூனில் மலைக்காரனுக்கு மழை ஆரம்பம், ரோட்டில் மண் சரியும். ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு. ஆகக்கூடி வருஷத்தில் எனக்கு விழுந்தது மாசி ரெண்டாம் வாரத்தில் நாலு நாள்.

அந்த நேரத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா மூடியிருக்கும் என்றான் மச்சான். பிப்ரவரி, மார்ச்சில் அங்கே வரையாடு குட்டி போடும் காலமாம், ஆளை உள்ளே விடமாட்டார்கள். போச்சே என்று நினைக்கவில்லை. குட்டி போடுகிற நேரத்தில் தொந்தரவு பண்ணக்கூடாது என்று மாட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆனைமுடியை ரோட்டில் நின்றே பார்க்கலாம் என்றான். 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். அது போதும்.

ரெண்டாவது, யார் கூட வருவது? நான் தனியாகப் போவதாகத்தான் முதல் திட்டம். ஒரு நாளைக்கு 250, 300 கிலோமீட்டர், ரெண்டே நாளில் போய்வருவது என்று நோட்டில் எழுதியிருந்தேன். அதை வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் அமைதியாக, "எங்க அண்ணன் போக வேண்டிய இடம். அண்ணனால முடியாது. அப்ப அந்த சீட்டுல நான் வாரேன்" என்றாள். "மலைங்க புள்ள, இடுப்பு வலிக்கும்" என்றேன். "நாத்து நடும்போது வலிக்காத இடுப்பா?" என்றாள். கல்யாணமாகி 29 வருஷம். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி தவிர அவளை நான் எங்கேயும் கூட்டிப் போனதில்லை. அதை அவள் சொல்லவில்லை, நானாகத்தான் எண்ணிப் பார்த்தேன்.

அவள் வருகிறாள் என்றதும் திட்டம் முழுக்க மாறிப்போச்சு. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனைக்காகப் பிறான்மலைக்குப் போனோம். பாரி ஆண்ட பறம்பு மலை என்று சொல்வார்களே, அதுதான். போக வர 120 கிலோமீட்டர் இருக்கும். ரெண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, 40 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கி நடக்கணும். ரெண்டு, சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வளைவில் வண்டி இழுக்கிறது. மலைக்கு ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்காரணும். கோயம்புத்தூரில் இருக்கிற மகள் ரெண்டு சுடிதார் எடுத்து அனுப்பினாள். அவள் அம்மா வாழ்க்கையில் சுடிதார் போட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். "காரைக்குடி தாண்டுற வரைக்கும் மேல சேலையைச் சுத்திக்கிறேன். நம்ம ஊர்ல யாரும் பாக்க வேணாம்" என்பது ஒப்பந்தம்.

இன்னொன்றும் அவள்தான் சொன்னாள். நான் நோட்டில் பெட்ரோல் பங்கை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். "பெட்ரோல் இருக்கட்டும், நான் எங்க ஒதுங்குறது?" என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஆம்பளை போடுகிற திட்டம் அப்படித்தான் இருக்கும் போல. மச்சான் ஒவ்வொரு ஊராக யோசித்து, எந்தப் பங்கில் கக்கூஸ் நன்றாக இருக்கும், எந்த ஓட்டல் குடும்பத்தோடு உட்காரத் தோதாக இருக்கும் என்று அவன் பழைய லாரி நண்பர்களுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதினான். இப்போது எங்கள் வழி அந்த இடங்களை வைத்துத்தான் போகிறது.

வழியைச் சொல்கிறேன். நீங்களும் ஒரு நாள் போகலாம்.

முதல் நாள் பள்ளத்தூரில் விடியற்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பி காரைக்குடி, திருப்பத்தூர், மேலூர். மதுரைக்குள் போகாமல் ரிங் ரோடு. அப்புறம் உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி கணவாய். கணவாயைத் தாண்டினால் காற்றே வேறு என்பான் மச்சான். அங்கிருந்து வைகை அணையை ஒரு எட்டுப் பார்க்கலாம். 1959-இல் திறந்த அணை. எங்கள் கண்மாய்க்கு அதில் ஒரு சொட்டு வராது, ஆனாலும் நம்ம மாவட்டம் வழியாக ஓடுகிற ஆற்றின் அணையைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. தேனி தாண்டி போடிநாயக்கனூரில் தங்கல். ஏறக்குறைய 190 கிலோமீட்டர். போடி ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். சந்தைப் பக்கம் நடந்தாலே மணக்கும் என்கிறான்.

ரெண்டாம் நாள்தான் மலை. போடியில் இருந்து முந்தல், அங்கிருந்து போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. மேலே கேரள எல்லை. பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, சின்னக்கானல், கேப் ரோடு, தேவிகுளம், மூணாறு. மொத்தமே 70 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அன்றைக்குப் பூராவும் அதுக்குத்தான். சின்னக்கானல் என்றதும் வீட்டுக்காரி, "அரிக்கொம்பன் இருந்த ஊருல்ல அது?" என்றாள். 2023-இல் டிவியில் அந்த யானையைத் தவிர வேறு செய்தி இல்லையே. அரிசிக் கடையை உடைக்கிறது என்று அங்கே பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது கம்பத்துக்குள் வந்தது, நம்ம வனத்துறை மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது. "அது இல்லேன்னா அதோட சொந்தக்காரங்க இருப்பாங்கல்ல?" என்றாள். நியாயம்தான். அதனால் வெயில் வந்த பிறகு அந்தப் பகுதிக்குள் நுழைந்து, பொழுது சாய்வதற்கு ரொம்ப முந்தி மூணாறு சேர்ந்துவிடுவது.

மூணாம் நாள் மூணாறில் இருந்து மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பழனி. 120 கிலோமீட்டர். நான் ரொம்ப எதிர்பார்ப்பது இந்த நாளைத்தான். மூணாறில் தேயிலையும் பனியும். நாப்பது கிலோமீட்டர் இறங்கினால் மறையூர், சந்தன மரமும் கரும்பும் வெல்லமும். அதுக்கும் கீழே சின்னாறு, முள்ளுக்காடு. ஒரே மலையின் இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வறட்சி. அப்பா சொன்ன மலைக்காரன் மழையைப் பிடித்து வைக்கிற இடத்தை ஒரே காலையில் வண்டியில் கடந்து இறங்கப் போகிறேன். சின்னாறு சரணாலயத்துக்குள் எங்கேயும் நிறுத்தக்கூடாது, சோதனைச் சாவடியைப் பகலிலேயே தாண்டிவிடணும் என்று நோட்டில் ரெண்டு கோடு போட்டிருக்கிறது.

நாலாம் நாள் பழனியில் சாமி கும்பிட்டுவிட்டு ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர், வீடு. 180 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் இருந்து இந்தப் பக்கம் ரோடு எனக்குப் புதுசு இல்லை. 24 வயசில் தைப்பூசத்துக்கு எங்கள் பக்கத்து ஆட்களோடு காவடிக்குப் பின்னால் நடந்த ரோடு. நத்தம் தாண்டி எந்தப் புளியமரத்தடியில் கால் கொப்புளத்துக்கு எண்ணெய் போட்டேன் என்பதுகூட நினைவில் இருக்கிறது. மரம் இருக்கிறதா என்று பார்க்கணும்.

மொத்தம் 560 கிலோமீட்டர். புல்லட் தம்பிகள் ஒரே நாளில் போகிற தூரம்தான். எங்களுக்கு இது உலகத்தின் மூணாவது சுற்று.

வண்டி 100 சிசி. "மலை ஏறுமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். மச்சான் சொல்வது: "ஏறும். அவசரப்படுத்தினா நிக்கும்." அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைக்காதே, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். எதிரே மேலே ஏறி வருகிறவனுக்கு வழி விடு. வளைவுக்கு முன்னாடி ஹாரன். பையை உயரமாகக் கட்டாதே, பின்னால் இழுக்கும். இஞ்சின் சூடானால் நிழலில் நிறுத்தி நீயும் தண்ணி குடி.

மெக்கானிக் கடையில் செயின் செட், ரெண்டு பிரேக் கட்டை, பின் டயர், கிளட்ச் கேபிள் மாற்றியாச்சு. ஒரு கேபிளும் ஒரு டியூபும் உபரியாகக் கையில். ஆர்.சி. 15 வருஷம் முடிந்து 2024-இல் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பித்தது. இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சரியாக இருக்கு. கேரளாவில் 2023-இல் இருந்து ரோட்டில் கேமரா வைத்திருக்கிறார்கள், பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேணும். புதுசு ஒன்று வாங்கியாச்சு. பெட்ரோல், மூணு ராத்திரி ரூம், சாப்பாடு, வண்டி வேலை எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய்க்குள் முடிக்கணும். மனசு உறுத்தத்தான் செய்கிறது. அதை வைத்து ரெண்டு லோடு தொழுவுரம் வாங்கியிருக்கலாமே என்று ஒரு குரல். அந்தக் குரல்தான் முப்பது வருஷமாக என்னை ஊரோடு உட்கார வைத்தது என்று இப்போது தெரிகிறது.

ரோடும் வண்டியும் பத்து நாளில் முடிந்த வேலை. கஷ்டமான வேலை கறவை மாடு. செவலை சினை, இன்னொன்று கறவையில் இருக்கிறது. அது வீட்டுக்காரி கையைத் தவிர வேறு கைக்குப் பால் சுரக்காது. நான் உட்கார்ந்தாலே உதைக்கும். பக்கத்து வீட்டுச் சித்தப்பா மருமகள், "நான் கறக்கிறேன் பெரியம்மா, போய்ட்டு வாங்க" என்று முன்வந்தது. பத்து நாளாகக் காலையும் சாயங்காலமும் அந்தப் பிள்ளை வீட்டுக்காரியின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்கு வருகிறது. முதல் நாள் மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. நேற்று ஒன்றரை லிட்டர் கறந்தது. இன்னும் ஒரு லிட்டர் சுரக்க வைத்துவிட்டால் பயணம் உறுதி. பதிலுக்கு அவர்கள் கடலைக்கு நான் ரெண்டு தண்ணி பாய்ச்சணும். தொழுவத்தில் ராத்திரிக் காவலுக்கு அந்தப் பிள்ளையின் புருஷன். கோழிக்கு மச்சான் மகள். ஒரு சம்சாரி நாலு நாள் வெளியே போக எத்தனை பேர் கை வேண்டியிருக்கிறது பாருங்கள். நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் நடக்காது என்று இத்தனை வருஷம் பெருமையாக நினைத்திருந்தேன். கேட்டால் செய்ய ஆள் இருக்கிறார்கள். நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கிளம்புகிற நாளை மச்சான்தான் குறித்தான். நான் ஞாயிறு என்றேன். "வேணாம், திங்கக்கிழமை கிளம்பு. வார நாள்ல மூணாறுல கூட்டம் இருக்காது, ரூமும் மலிவு" என்றான். சரி என்று எழுதிக்கொண்டேன். போன வாரம் அவனை மெஷினுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஊசியெல்லாம் மாட்டி முடித்துப் படுத்திருந்தவன், கையை அசைக்காமல் சொன்னான்:

"மாப்ள, திங்கள் கிளம்பினா செவ்வாய் காலையில நீ மலை ஏறுவ. செவ்வாய் நான் இங்க நாலு மணி நேரம் சும்மாதான் கிடப்பேன். ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போர்டு இருக்கும். 17-ஐயும் என் தங்கச்சியை எண்ணச் சொல்லு. மேல போய் நின்னுட்டு எனக்குப் போன் போடு. அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு எப்படி இருக்குன்னு அவ சொல்லட்டும். உனக்குச் சொல்லத் தெரியாது."

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய் சுடிதாரைத் துவைத்துக் காயப் போட்டாள்.

நெல் இன்னும் நாலு நாளில் அறுப்புக்கு வரும். மழை வராமல் இருக்கணும், மாடு ஒத்துழைக்கணும். எல்லாம் சரியாக நடந்தால், மாசி ரெண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் போடிமெட்டில் ஒரு பழைய ஸ்பிளெண்டர் நிற்கும். பக்கத்தில் ஒரு பொம்பளை போனில் பேசிக்கொண்டிருப்பாள். அந்த வழியாகப் போனால் ஹாரன் அடிக்காமல் போங்கள்.